பொந்துள்ள மரங்களை அக்டோபரிலேயே பாருங்கள்

ஜெர்மன் நகராட்சிகளில் பூங்கா, சாலையோர மரங்களைப் பராமரிக்கும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கூட்டாட்சி இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, சில விலக்குகளோடு, மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை மரம் வெட்டுவதைத் தடுக்கிறது. கூடு கட்டும் பறவைகளைக் காக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால், அதன் விளைவாக வெட்டுவேலை குளிர்காலத்துக்குத் தள்ளிப்போய், பொந்துகளில் குளிர்கால நெடுந்துயில் கொள்ளும் அபெண்ட்செக்லர் (Abendsegler) வௌவால்களின் தலையில் விழுகிறது.

சென்ற பிப்ரவரியில் எங்கள் தெருமுனையில் ஒரு முதிய பீச் (beech) மரத்தைச் சாய்த்தார்கள். அறுபட்ட பொந்துக்குள் எட்டிப் பார்த்தேன். செம்பழுப்பு முதுகுகள் ஓடு வேய்ந்தாற்போல் நெருக்கியடித்துக் கிடந்தன. ஒன்று மட்டும் வாயை மெல்லத் திறந்தது. அதனால் பறக்க முடியவில்லை. துயிலில் சில்லிட்ட உடலைச் சூடேற்றாமல் வௌவால் எழ முடியாது. அதற்குச் செலவாவது இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பு. நடுக்குளிரில் இழந்த கொழுப்பை ஈடுகட்டப் பூச்சி கிடைக்காது.

எல்லாப் பொந்தும் இவற்றுக்கு ஆகாது. மரங்கொத்தி குடைவது கீழ்நோக்கி. பறவை விட்டுப்போனபின் ஆண்டுக்கணக்கில் உளுத்து மேல்நோக்கியும் விரிந்த பொந்தில், வாசலுக்கு மேலே தொங்கினால், மழைநீர் படாது, கூட்டத்தின் வெப்பமும் அங்கேயே தங்கும். கோடையில் மெல்லிய சுவர் போதும். குளிர்காலத்துக்கோ உறைபனி உள்ளே இறங்காத தடித்த சுவர், அதாவது பருத்த மரம் வேண்டும். "முதிர்ந்தது, ஆபத்தானது" என்று நீங்கள் முதலில் குறிவைக்கும் மரங்களும் பெரும்பாலும் இவையே. வடகிழக்கிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வரும் வௌவால்களும் இத்தகைய பொந்துகளில்தான் தஞ்சமடைகின்றன. ஒரே மரத்தோடு ஒரு கூட்டமே அழிந்துவிடலாம்.

ஆகவே, வெட்டப்போகும் பொந்து மரங்களை அக்டோபரிலேயே, வௌவால்கள் இன்னும் இரவில் பறக்கும் நாட்களில், உட்புகு கேமராவால் சோதியுங்கள். வாசலுக்குக் கீழே சிறுநீரும் எச்சமும் வழிந்த கருங்கறை தெரிந்தால் இருமுறை பாருங்கள். வௌவால்கள் இருந்தால், கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறைத்து, அடிமரத்தை நிற்க விடுங்கள். பாதுகாப்புக்காக வெட்டியே தீரவேண்டுமெனில், வௌவால் வல்லுநரை உடன் வைத்துக்கொண்டு, பொந்துக்கு மேலும் கீழும் இடைவெளி விட்டு அறுத்து, அந்தத் துண்டைக் கயிற்றில் மெதுவாக இறக்குங்கள். அதே சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி வௌவால்களுக்குப் பாதுகாப்பு ஆண்டு முழுவதும் உண்டு; மார்ச் மாதத்துக்காக அது காத்திருப்பதில்லை.

இப்படிக்கு,
உங்கள் நகரங்களில் ஒன்றில் வாழும் தமிழர் ஒருவர்