சால்வையை மடித்து வைத்துவிடு

அன்பு மகளுக்கு,

யாங்கோனிலிருந்து அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். கரண்ட்தான் வருவதும் போவதுமாக இருக்கிறது. இதைக்கூட மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பித்தாலே "சரிம்மா, சரிம்மா" என்று நீ முடித்துவிடுவாய்.

போன வாரம் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. அந்தக் கல்யாணத்தில் இரண்டரை மணி நேரம் பாடியிருக்கிறாய். வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் கவர், உனக்கு ஒரு சால்வை. "தெரிஞ்சவங்கதானேம்மா, எப்படிக் கேக்கறது?" என்றாய். எனக்கு வாயே வரவில்லை. கேட்கத் தெரியாத அந்தப் பழக்கம் என்னிடமிருந்துதானே உனக்கு வந்தது. எத்தனை கல்யாணத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்திருப்பேன்! ஒவ்வொரு தடவையும் "பார்த்துக் கொடுங்க" என்றுதான் சொல்வேன். அவர்களும் பார்த்துத்தான் கொடுத்தார்கள், எவ்வளவு குறைத்துக் கொடுக்கலாம் என்று.

ஆயாவின் டிரங்குப் பெட்டியில் ஓரம் உடைந்த கிராமபோன் பிளேட்டு ஒன்று கிடக்குமே, ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் அதைத் தட்டு என்று நினைத்து சொப்புச் சாமானோடு வைத்து விளையாடி, ஆயாவிடம் அடி வாங்கினாய். அது கே.பி. சுந்தராம்பாள் பாடிய பிளேட்டு. 1964 மே மாதம் இங்கே பர்மாவில் 50, 100 கியாட் நோட்டு இனிச் செல்லாது என்று திடீரென்று அறிவித்தார்களே, அப்போது தாத்தா சேர்த்து வைத்திருந்தது மொத்தமும் வெறும் காகிதமாகிவிட்டது. அக்கம்பக்கத்தில் பாதிப்பேர் கப்பல் ஏறினார்கள். நாம் நின்றுவிட்டோம். அரிசிக்காகக் கிராமபோன் பெட்டியை விற்றார்கள். பிளேட்டை மட்டும் ஆயா விடவில்லை. போட்டுக் கேட்கப் பெட்டி இல்லாத பிளேட்டு எதற்கு என்று தாத்தா கேட்டால், "அந்த அம்மா ஒரு லட்சம் வாங்கினவங்க, இது வீட்டில் இருக்கட்டும்" என்பாராம்.

அந்த ஒரு லட்சத்தின் கதையைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன்.

சுந்தராம்பாள் 1908இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தவர். கே என்றால் கொடுமுடி, பி என்றால் பாலாம்பாள், அவருடைய அம்மா. அப்பா பெயர் இல்லை, அம்மா பெயர்தான் இனிஷியல். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். வறுமை தாங்காமல் சின்னப் பிள்ளையாக ரயிலில் பாடிக் காசு வாங்கியவர். அந்தக் குரலைக் கேட்டவர்கள் வேலு நாயர் நாடகக் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முதலில் கிடைத்தது நல்லதங்காளின் மூத்த மகன் வேஷம், பசிக்கிறது என்று அழுது பாடும் பையன். அதை நடிக்க அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்!

அப்போதெல்லாம் மைக் கிடையாது. கொட்டகையின் கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் சொல் சொல்லாக விழ வேண்டும். அவர் பாட்டைக் கேட்டுப் பார், ஒரு எழுத்துகூட மங்காது. "என் குரல் கனமா இருக்கும்மா" என்று நீ குறைப்படும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும். குழைவுக்காக அவர் குரலை மெலிய வைத்துக்கொண்டதே இல்லை.

1926இல் கொழும்பு மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு வள்ளி திருமணம். மறு வருஷம் நிஜத்திலும் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. அந்த வாழ்க்கையில் சந்தோஷத்தைவிடக் காத்திருப்புதான் அதிகம். அதை விரித்து எழுத எனக்கு மனசில்லை. 1933 டிசம்பரில், முப்பது வயதுகூட ஆகாமல், கிட்டப்பா போய்விட்டார். சுந்தராம்பாளுக்கு 25 வயது. வெள்ளைக் கதர் உடுத்தினார், மேடையை விட்டு ஒதுங்கினார், இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்துவிட்டார்.

அப்போதுதான் அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் நந்தனார் படத்துக்கு அழைக்கிறார். இவர் முடியாது என்கிறார், அவர் விடுவதாக இல்லை. ஆளை எப்படியாவது அனுப்பிவிடலாம் என்று, யாரும் கொடுக்க முடியாத தொகையாக ஒரு லட்சம் ரூபாய் கேட்டிருக்கிறார் சுந்தராம்பாள். சரி என்றுவிட்டார் அசன்தாஸ்! 1935இல் ஒரு லட்சம். இந்திய சினிமாவில் அதுவரை யாரும் வாங்காத சம்பளம் என்று சொல்வார்கள். அதிலும் பெண் வேஷம் இல்லை. நந்தனாராகவே, ஆணாக நடித்தார். வேதியராக மகாராஜபுரம் விசுவநாத அய்யர். படம் எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை என்பார்கள். அதனால் அவர் மதிப்பு குறைந்ததா? 1951இல் சென்னை சட்ட மேலவைக்குப் போனார். 1953இல் வாசனின் ஒளவையார் படத்தில் கிழவியாக நடந்து நடந்து தமிழ்நாட்டையே கூடவே நடக்க வைத்தார். பூம்புகார் படத்தில் தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கும் வரியைப் பாட மாட்டேன் என்று நின்று, கலைஞரே அதை மாற்றிக் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. பணத்துக்கு மட்டும் வாய் திறந்தவர் இல்லை, பார்த்துக்கொள். துணைவன் படத்தில் பாடி 1969க்கான தேசிய விருது வாங்கியபோது அவருக்கு அறுபதுக்கு மேல்.

"சாமி பாட்டுக்குக் காசு கேட்கலாமா?" என்று நீ கேட்பாய், தெரியும். அவர் பாடியதெல்லாம் முருகனைத்தானே? வாங்கினார், அப்புறம் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்தார். காந்தி கொடுமுடிக்கு வந்தபோது தங்கத் தட்டில் சாப்பாடு பரிமாறினாராம். "சாப்பாடு மட்டும்தானா, தட்டு இல்லையா?" என்று காந்தி கேட்க, தட்டையும் கொடுத்துவிட்டார் என்று சொல்வார்கள். தட்டு அவருடையதாக இருந்ததால்தானே கொடுக்க முடிந்தது? நாம் இரண்டு பேரும் வாங்காமலேயே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நவராத்திரிக்குப் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாயே. தொகையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். கண்ணாடி முன்னால் நின்று மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார். சிரிக்காதே. நான் செய்து பார்த்துவிட்டுத்தான் உனக்கு எழுதுகிறேன். இந்த வாரம் எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு ஆறு ரவிக்கை வந்தது. "பார்த்துக் கொடுங்க" நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, ஒன்றுக்கு இவ்வளவு என்றேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. என் முகத்தில் பூசியிருந்த தனாக்கா மரப்பட்டை விழுது வியர்வையில் வழிவது எனக்கே தெரிந்தது. அப்புறம், "ஏழாவதா ஒண்ணு இருக்கு, அதையும் எடுத்துட்டு வரட்டுமா?" என்றார்.

இந்தக் கடிதத்தோடு தேயிலை ஊறுகாயும் வறுத்த பட்டாணியும் அங்கே வருகிற தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். பட்டாணியைத் தனி டப்பாவில் போட்டு வை, நமுத்துவிடும்.

இப்படிக்கு,
அம்மா