அஞ்சு மணிக்கு எந்திரிக்காதவங்க எல்லாம் சோம்பேறி இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன வாரம் உங்க ஞாயிறு இணைப்புல வந்த நடைப்பயிற்சி கட்டுரைய படிச்சேன். சொன்ன விஷயமெல்லாம் சரிதான், ஆனா கடைசியில "பாதியில விடுறதுக்கு சோம்பேறித்தனம்தான் காரணம்"னு ஒரு வரி போட்டிருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர். ஆரம்பிச்சுட்டு நிறுத்துனவங்கள்ல நிறைய பேரு தங்க குணத்துக்கு ஒத்தே வராத எக்சர்சைஸ்ல போய் மாட்டிக்கிட்டவங்க. இத எந்த டாக்டரும் கேக்கறதில்ல, எந்த பேப்பரும் எழுதறதில்ல.

எங்க வீட்டையே எடுத்துக்கோங்களேன். என் வீட்டுக்காரர் எங்க கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ்ல வாக்கிங் போறவரு. அங்க அவருக்குன்னு ஒரு செட்டு இருக்கு, ஒருத்தர் வரலைன்னா இன்னொருத்தர் போன் அடிச்சு "என்ன தலைவரே, இன்னும் போர்வைக்குள்ளயா"ன்னு கேப்பாங்க, நடந்து முடிச்சதும் டீக்கடை, அப்புறம் அரசியல், கட்சி கட்சியா பிரிஞ்சு ஒரு சண்டை. மழை பேஞ்சா வாக்கிங் கிடையாது ஆனா டீக்கடைக்கு மட்டும் குடை புடிச்சுட்டு போயிருவாரு. செட்டுல ரெண்டு பேரு ஊருக்கு போயிட்டா அன்னிக்கு இவருக்கும் முழங்கால் வலி வந்துரும்! இவர கொண்டுபோய் ஒரு ரூமுக்குள்ள ட்ரெட்மில்ல நிக்க வெச்சா ஒரு வாரம் தாங்க மாட்டாரு.

என் நாத்தனார் வேற ரகம். அவங்களுக்கு நடக்கறதுன்னாலே பிடிக்காது, வாய்விட்டே சொல்லுவாங்க, ஆனா மாசக் காலண்டர்ல பால் கணக்குக்கு பக்கத்துல வாக்கிங் டிக்கும் விழுந்தாகணும். கல்யாண வீட்டுக்கு போனாலும் மண்டபத்த சுத்தி நாலு ரவுண்டு அடிச்சுட்டுத்தான் பந்திக்கு வருவாங்க.

நானு ஒரு ஜிம்ல சேந்தேன். ட்ரெயினர் பையன் நல்ல பையன்தான், ஆனா "ஆன்ட்டி, இன்னும் ரெண்டே ரெண்டு"ன்னு அவன் கத்துனா ஹால் பூரா நம்மள திரும்பி பாக்கும். போதாததுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்பு, அதுல வராதவங்க பேர போட்டு பக்கத்துல அழுவற எமோஜி. அந்த மெசேஜ் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடன்னு அடிக்கும்ங்க, கட்டுன பணம் போனா போகுதுன்னு விட்டுட்டேன். இப்ப எங்க அபார்ட்மெண்ட் மாடிப்படியில காலையில ஒரு பத்து நிமிஷம், சாயங்காலம் துணி எடுக்க மொட்டை மாடிக்கு போறப்ப ஒரு பத்து நிமிஷம், ஏறி இறங்கறேன். யாரும் பாக்கறதில்ல, யாரும் எண்றதில்ல, அதனாலதான் ஓடுது.

இது ஏதோ எங்க வீட்டு கதை மட்டும் இல்லீங்க. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளருங்க 132 பேர வெச்சு செஞ்ச ஒரு ஆராய்ச்சி 2025ல வந்துச்சு. ஒரு குரூப்புக்கு 8 வாரம் சைக்கிளிங்கும் வெயிட் பயிற்சியும் குடுத்து, அவங்கவங்க குணத்தையும் அளந்து பாத்திருக்காங்க. நாலு பேரோட கலகலன்னு பழகறவங்களுக்கு மூச்சு வாங்க வைக்கிற கடுமையான பயிற்சி பிடிச்சிருக்கு. எதையும் ஒழுங்கா முறையா செய்யறவங்க பிடிக்குதோ இல்லையோ உடம்ப நல்லா அசைக்கறவங்களா இருந்திருக்காங்க, எங்க நாத்தனாரேதான். எதுக்கெடுத்தாலும் கவலைப்படற ஆளுங்களுக்கு யாரும் மேற்பார்வை பாக்காம, இடைஇடையே நிறுத்தி நிறுத்தி செய்யறது ஒத்து வந்திருக்கு, ஆனா பாருங்க, எக்சர்சைஸ் செஞ்சதுல மன அழுத்தம் நல்லா குறைஞ்சதே இவங்களுக்குத்தான். யாருக்கு அதிகமா தேவைப்படுதோ அவங்களத்தான் நம்ம ஊர்ல கூட்டத்துல நிக்க வெச்சு கத்தி விரட்டி விட்டுடறோம்.

இதுக்காக ஆன்லைன்ல வர்ற, ஆளுங்கள 16 வகையா பிரிச்சு INFJ மாதிரி நாலு எழுத்து குடுக்கற டெஸ்ட்ட எழுதிட்டு அந்த எழுத்த வெச்சுக்கிட்டு அலையாதீங்க, அது வார ராசிபலன் மாதிரி, இன்னிக்கு ஒண்ணு வரும் அடுத்த மாசம் எழுதுனா வேற ஒண்ணு வந்தாலும் வரும். ஆராய்ச்சிக்காரங்க பாக்கறது பிக் ஃபைவ்னு சொல்ற அஞ்சு குணங்கள (கலகலன்னு பழகறது, ஒழுங்கா செய்யறது, கவலைப்படறது, அனுசரிச்சுப் போறது, புதுச ஏத்துக்கறது), அதுலயும் கூட குறைய எவ்வளவு இருக்குன்னுதான் பாக்கறாங்க, ஆள பெட்டி பெட்டியா பிரிக்கறதில்ல. இன்னொண்ணும் சொல்லிடறேன், "என் குணமே அப்படி"ன்னு சோபாவுல சாயறவங்களுக்கு இது சாக்கு இல்ல. ரோட்ஸ், ஸ்மித்னு ரெண்டு பேரு பல ஆராய்ச்சிகள சேத்து பாத்து 2006லயே பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்ல எழுதுனாங்க, குணத்துக்கும் எக்சர்சைஸுக்கும் தொடர்பு இருக்கு ஆனா சின்னதுதான்னு. லான்செட் குளோபல் ஹெல்த்ல 2024ல வந்த கணக்குப்படி நம்ம நாட்டுல பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேரும் ஆம்பளைங்கள்ல 42 சதவீதம் பேரும் தேவையான அளவு உடம்ப அசைக்கறதில்ல. அந்த வித்தியாசத்துக்கு குணத்தயா காரணம் சொல்ல முடியும்? அஞ்சு மணிக்கு டிபன் பாக்ஸ் கட்டறது யாருங்க? தெரு விளக்கு எரியாத ரோட்டுல, நாய் தொரத்தற ரோட்டுல எந்த பொம்பளை தனியா நடப்பா?

அப்புறம் அந்த "21 நாள் செஞ்சா பழக்கமாயிடும்" கதைய தயவு செஞ்சு விட்டுருங்க. அதே லண்டன் காலேஜ்ல ஃபிலிப்பா லாலி குழு பாத்ததுல ஒரு பழக்கம் ஊற சராசரியா 66 நாள் ஆச்சு, ஆளுக்கு ஆள் 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் போகுது. நடுவுல ஒரு நாள் விட்டா ஒண்ணும் கெட்டுப் போகலைன்னும் சொல்லியிருக்காங்க. 22வது நாள் எந்திரிக்க முடியலைன்னதும் "நமக்கு இதெல்லாம் லாயக்கில்ல"ன்னு ஷூவ தூக்கி பரண்ல போடறவங்களுக்கு இத சொல்லணும்ல?

அரசாங்கம் 2023ல ஆரம்பிச்ச நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்துல 8 கிலோமீட்டர் பாதை போட்டாங்க, நல்ல விஷயம், என் வீட்டுக்காரர் மாதிரி ஆளுங்களுக்கு அது திருவிழா. கூட்டம்னாலே ஒதுங்கறவங்களுக்கும் நீங்க வழி சொல்லுங்க. வாரத்துக்கு 150 நிமிஷம்னு சொல்ற உலக சுகாதார நிறுவனமே 2020ல புது வழிகாட்டுதல் போடறப்ப, ஒரு தடவைக்கு 10 நிமிஷமாச்சும் இருக்கணும்ங்கற பழைய கண்டிஷன எடுத்துருச்சு, அஞ்சஞ்சு நிமிஷமா செஞ்சாலும் கணக்குல சேரும். இத உங்க பேப்பர்ல நான் படிச்ச ஞாபகமே இல்ல. அடுத்த இணைப்புல மொட்டை மாடியிலயும் மாடிப்படியிலயும் தனியா செய்யறதுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்ட எழுத சொல்லி அரை பக்கம் ஒதுக்குங்க, முழங்கால் வலி இருக்கறவங்க படி ஏறலாமா வேண்டாமாங்கறதையும் அவரையே சொல்ல சொல்லுங்க, அக்கம்பக்கத்துல எங்கிட்ட வந்து கேக்கறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாயிபாபா காலனி, கோயம்புத்தூர்.