23 நோட்டுகளும் ஓர் இஸ்திரிப் பெட்டியும்

சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்காக எங்களோடு நிற்கும் அனைவருக்கும் வணக்கம்.

டிசம்பர் முதல் வாரத்தில் வந்த வெள்ளத்தைப் பற்றி நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் அதை உங்கள் வீட்டுக் கூடத்திலேயே பார்த்துவிட்டீர்கள். நேற்று மாலைதான் கடைசி அலமாரியைத் துடைத்து உள்ளே வைத்தோம். கையில் சேற்று வாடை போவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

படகோடு வந்த மீனவத் தம்பிகள், சொந்த வீட்டில் தண்ணீர் நின்றபோதும் ரோந்தை விடாத வனக் காவலர்கள், மூன்று நாள் சேறு அள்ளிய கல்லூரிப் பிள்ளைகள், தினமும் மதியம் தூக்குவாளியில் ரசம் சாதம் அனுப்பிய எதிர்வீட்டு அக்கா, நனைந்த ரசீதுகளை வைத்தே கணக்கை மீட்டுத் தந்த ஆடிட்டர், உண்டியல் காசை எண்ணிக் கட்டி அனுப்பிய நாலாம் வகுப்புக் குழந்தைகள், எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதமும் வரும். இந்த மடலில் ஒருவரைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெரியவர் அவர்.

கம்ப்யூட்டர் போனது, பைனாகுலர்கள் போயின. அவற்றை எப்படியும் மறுபடி வாங்கிவிடலாம். ஆனால் கீழ்த்தட்டில் இருந்த 23 கள நோட்டுகளை எந்தக் கடையில் வாங்குவது? 2007-இல் இந்தச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட காலத்திலிருந்து, இங்கே பார்த்த பறவைகளையும் தண்ணீரையும் ஞாயிறுதோறும் குறித்து வந்தவை அவை. ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்த கழுவெளி இது. 2022-இல், உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது அதற்குள் வந்தது 1,247 ஹெக்டேர். “இங்கே எப்போது தண்ணீர் நின்றது? தரிசு நிலம்தானே?” என்று யாராவது கேட்கும்போதெல்லாம் நாங்கள் திறந்து காட்டுவது இந்த நோட்டுகளைத்தான். ‘முழங்கால் அளவு தண்ணீர், இலைக்கோழி குஞ்சுகளோடு’ என்று பென்சிலில் எழுதிய ஒரு வரி அந்த மூலைக்கே சாட்சி. நகலெடுத்து வைக்க வேண்டும் என்று ஆண்டுக்கூட்டங்களில் பல முறை பேசினோம், செய்யவில்லை. அந்தப் பொறுப்பு என்னுடையது.

தண்ணீர் வடிந்தபோது நோட்டுகள் செங்கல்லைப் போல ஒட்டிக் கிடந்தன. வெயிலில் வைத்தால் ஓரம் சுருண்டது, உள்ளே ஈரம் அப்படியே நின்றது. வாசலில் அவற்றைப் பரப்பிவைத்து நான் அழுதுகொண்டிருந்தபோதுதான் அவர் வந்தார். ஒரு நோட்டைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார். “முப்பது வருஷமாக ஈரத்துணியோடு பழகிய கை, அம்மா. என்னிடம் கொடுங்கள்” என்றார்.

தெருவே நனைந்த துணியைக் கொண்டுவந்து அவர் வண்டியில் குவித்திருந்த நேரம் அது. ஆண்டு முழுவதற்கும் சேர்த்து வேலை வந்திருந்தது. சட்டைக்கான சூடு காகிதத்துக்கு ஆகாது என்று, இரவு கடைசித் துணியை மடித்த பிறகு, பெட்டியில் தணல் இறங்கும்வரை காத்திருப்பார். ஒட்டிய பக்கங்களுக்கிடையே தென்னை ஈர்க்கை நுழைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மெல்லப் பிரிப்பார். அடியில் பழைய வேட்டித் துணி, மேலே இன்னொரு துணி. பெட்டியை அழுத்தாமல் ஒரு முறை ஓட்டுவார், அவ்வளவுதான். துணியில் ஈரம் ஏறி, பக்கம் மொரமொரவென்று எழும்பி வரும். ஒன்பது இரவுகள். முதல் இரண்டு இரவுகள் டார்ச் பிடித்தவள் நான்.

மை ஊறிப்போன பக்கங்கள் ஊறினவைதான். பென்சிலில் எழுதியவை எல்லாம் பிழைத்துக்கொண்டன.

நாலாம் நாள் ஒரு பக்கத்தைக் காட்டி, “இது என்ன, ‘நா.கோ.’ என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறது?” என்று கேட்டார். நாமக்கோழி என்றேன். சற்று யோசித்து, “எங்கள் வீட்டுக்குப் பின்னால் சம்புப் புல்லுக்குள் ஒன்று நடக்கும். உடம்பெல்லாம் கருநீலம், மூக்கும் நெற்றியும் சிவப்பு. அதுவும் இதில் இருக்கிறதா?” என்றார். நீலத் தாழைக்கோழி. ‘நீ.தா.கோ.’ என்ற எழுத்தைத் தேடிக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, “இதை நேற்றே காயவைத்துவிட்டேனே, தெரியாமல் போய்விட்டது” என்றார். அவர் முகத்தில் அப்போது வந்த மகிழ்ச்சியை என்னால் எழுத முடியவில்லை.

கூலி வாங்க மறுத்துவிட்டார். கரிக்கான காசையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த அறக்கட்டளையை நடத்துகிறேன். எத்தனை அலுவலகப் படிகள், எத்தனை மனுக்கள், எத்தனை கருத்தரங்குகள்! நான் தினமும் கடந்துபோன வண்டிக்குப் பின்னால் இருந்தவர், எங்களுக்கு முன்பிருந்தே அந்தப் பறவையைப் பார்த்து வந்திருக்கிறார். ஒரு நாளும் நின்று அவரிடம் பேசியதில்லை. வேளச்சேரி, மடிப்பாக்கம், நாராயணபுரம் ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து, ஒக்கியம் மடு வழியாகக் கடலுக்குப் போகிறது என்று ஊருக்கெல்லாம் விளக்கியவள், அந்தத் தண்ணீரோடு வாழ்கிற தெருவிடம் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

இனி எங்கள் பறவை நடை அந்தத் தெருவிலிருந்துதான் புறப்படும். நோட்டுகளில் பென்சில் மட்டுமே. நகலெடுக்கும் வேலையை இரண்டு தன்னார்வலர்கள் தொடங்கிவிட்டார்கள். ஸ்கேனர் கடன் தர யாராவது முன்வந்தால் சீக்கிரம் முடியும்.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு 24-ஆவது நோட்டு வாங்கியாயிற்று. காணும் பொங்கலன்று இஸ்திரி வண்டிக்கு விடுமுறை. காலை ஆறரை மணிக்குப் பெரியவர் எங்களோடு ரேடியல் சாலை ஓரம் நிற்பார். இருக்கிற ஒரே பைனாகுலரை அவருக்கென்று எடுத்துவைத்திருக்கிறேன். வருகிறவர்கள் உங்களுடையதைக் கொண்டுவாருங்கள்.