செயலாளரின் ஆண்டறிக்கை: கவுன்சில் டாக்ஸ் சலுகையும் நம் முதியோரும்

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

2013 ஏப்ரலில் கவுன்சில் டாக்ஸில் (உள்ளாட்சி மன்றமான கவுன்சில் வீடுகளுக்கு விதிக்கும் வரி) இருந்த பழைய சலுகை நின்றதிலிருந்து, இங்கிலாந்தில் ஒவ்வொரு கவுன்சிலும் தன் சலுகைத் திட்டத்தைத் தானே வகுக்கிறது. ஓய்வூதிய வயதினரின் சலுகையில் மட்டும் அது கைவைக்க முடியாது. அந்தச் சலுகை மத்திய அரசின் விதிப்படி நடப்பது.

ஆனால் கேட்காமல் கிடைக்காது. பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த ஓய்வூதிய வயதினருக்கு அரசு தரும் உதவி) வந்துவிட்டால் கவுன்சில் டாக்ஸும் தானாகக் குறையும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். கவுன்சிலுக்கும் விண்ணப்பம் போனதா என்று பாருங்கள். பிந்தினால் 3 மாதத்துக்குத்தான் பின்தேதியிட்டுத் தருவார்கள். சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் சலுகை இல்லை. பென்ஷன் கிரெடிட்டில் 'கேரண்டி' பகுதி (வருமானத்தைக் குறைந்தபட்ச அளவுக்கு உயர்த்தித் தருவது) பெறுவோருக்கு இந்த வரம்பு கிடையாது.

நம்மவர் அதிகம் இடறுவது பிள்ளைகளோடு வாழும் வீடுகளில்தான். வேலை செய்யும் மகனோ மகளோ கூட இருந்தால், அவர்கள் சம்பளத்தைப் பார்த்து உங்கள் சலுகையிலிருந்து வாராவாரம் ஒரு தொகையைக் கழிப்பார்கள். சம்பளச் சீட்டுக் கொடுக்காவிட்டால் உச்சத் தொகையே கழியும். பிள்ளை வீடு மாறிப் போனதை அன்றே அறிவியுங்கள். பெற்றோரில் ஒருவர் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (பராமரிப்புத் தேவைப்படும் முதியோருக்கான உதவித்தொகை) பெற்றால் இந்தக் கழிவே இல்லை. அந்த முடிவுக் கடிதத்தின் பிரதி கவுன்சிலுக்குப் போக வேண்டும். போகாததால் பணம் இழந்த குடும்பங்கள் உண்டு.

கணவர் ஓய்வூதிய வயதை எட்டியும் தம்பதியர் யுனிவர்சல் கிரெடிட்டில் (உழைக்கும் வயதினருக்கான அரசு வருமான உதவி) இருந்தால், கவுன்சில் உழைக்கும் வயதினருக்கு வகுத்த திட்டமே பொருந்தும்.

கடுமையான மறதிநோய் உள்ளவருக்கு டாக்டர் சான்றும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸும் இருந்தால், அவரை வரிக்கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வீட்டில் இன்னொருவர் மட்டும் இருந்தால் 25% தள்ளுபடி. நோயாளி தனியே இருந்தால் வரியே இல்லை. இதற்குச் சேமிப்பைப் பார்ப்பதில்லை.

முடிவு தவறென்றால் முதலில் கவுன்சிலுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மறுத்தால், பதில் வந்த 2 மாதத்துக்குள் வேல்யுவேஷன் ட்ரிபியூனலுக்கு (கவுன்சில் டாக்ஸ் முறையீடுகளைக் கேட்கும் தீர்ப்பாயம்) போகலாம், கட்டணம் இல்லை.

எங்கள் பெருங்கவலை, ஓய்வூதிய வயதை எட்டாத நோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும்தான். அவர்களுக்குச் சட்டம் காவல் இல்லை. கவுன்சில் தன் திட்டத்தில் எழுதினால்தான் உண்டு. திட்டத்தை மாற்றுமுன் மக்களைக் கேட்டாக வேண்டும்; மாற்றுவழிகளைச் சொல்லாமல் கேட்டதால், லண்டன் ஹாரிங்கே கவுன்சிலின் கருத்துக்கேட்பு சட்டப்படி செல்லாதென 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. புதிய ஆண்டின் திட்டம் மார்ச் 11க்குள் முடிவாகிவிடும். கேள்விப் படிவம் பெரும்பாலும் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் வரும். அதை நிரப்பும்போது, இயலாமைக்கான உதவித்தொகை பெறுவோரையும் பராமரிப்பாளரையும் முழுச் சலுகையில் சேர்க்குமாறு வெளிப்படையாக எழுதுங்கள்.