பேத்தியின் இடது கண்

அன்புள்ள செல்வம்,

பேத்தியின் கண் டாக்டர் சீட்டைப் பார்த்தேன். இடது 'சோம்பேறிக் கண்' (amblyopia). கண்ணாடி பவர் வலது +1.00, இடது +4.50. பார்வை வலதில் முழுசாக 6/6, இடதில் 6/24 (மற்றவர்கள் 24 மீட்டரில் படிப்பதை அந்தக் கண் 6 மீட்டரில்தான் படிக்கும்). மாறுகண்ணும் இல்லை, டிவியும் நன்றாகப் பார்க்கிறாள், ஐந்து வயது வரை எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டிருந்தாய். வலது கண்ணே எல்லா வேலையையும் பார்த்துக்கொண்டதால்தான். இரண்டு கண்ணும் சேர்ந்தேதான் ஃபோகஸ் செய்யும். இடதுக்கு மட்டும் தனியாகக் கூட்டிக்கொள்ள முடியாது. வலதுக்குப் படம் தெளிந்ததும் மூளை நிறுத்திவிடும். மீதி 3.50 பவர் மங்கலிலேயே இடது கிடக்கும், தூரத்துக்கும் பக்கத்துக்கும். தெளிவான படமே அனுப்பாத கண்ணை மூளை ஒதுக்கிவிட்டது. கண்ணாடி போட்ட அன்றைக்கே 6/6 வராததற்கும் அதுதான் காரணம்.

கடைக்காரர் "இடது லென்ஸ் தடிமனா இருக்கு, ஒரு பவர் குறைச்சுப் போடலாமே" என்றால் தலையாட்டிவிடாதே. டாக்டர் குறைத்தால் இரண்டு பக்கமும் சமமாகக் குறைப்பார். இடதில் மட்டும் குறைத்தால் பழைய மங்கல் திரும்பிவிடும். எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் வாங்கு. ஃப்ரேம் மூக்கில் சரிந்து, மேல் வழியாகப் பார்த்தாள் என்றால் காசு வீண்.

தூங்கும் நேரம் தவிர நாள் முழுக்கப் போடட்டும். நல்ல கண்ணை மூடும் பேட்ச்சுக்கு அவசரப்படாதே, 16 வாரமாவது பார்க்கலாம். 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில் 27 சதவீதம் பேருக்குக் கண்ணாடியிலேயே சரியானது.

முன்னேற்றம் நின்றுவிட்டால் வலது கண்ணுக்குப் பேட்ச். தோலில் ஒட்டுவதே நல்லது. கண்ணாடிமேல் துணி மாட்டினால் ஓரத்தில் எட்டிப் பார்ப்பாள், எல்லாப் பிள்ளைகளும் கில்லாடிகள். 6/24-க்குத் தினம் 2 மணி நேரம் போதும். 6 மணி நேரம் ஒட்டியவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. அப்போது பாசி கோர்க்கட்டும், ஓடி விளையாடட்டும், எதுவானாலும் சரி. ஒட்டவே விடமாட்டேன் என்றால், சனி ஞாயிறு வலது கண்ணில், அதன் பார்வையை மங்கலாக்கும் அட்ரோபின் சொட்டு விடும் வழியையும் டாக்டரிடம் கேள்.

பரிசோதனையில் ஒன்றைக் கவனி. இந்தக் கண் தனி எழுத்தைச் சரியாகச் சொல்லிவிடும்; வரிசையாக நெருக்கி வைத்தால் தடுமாறும். தனி எழுத்தில் வந்த 6/9-ஐ நம்பி நிறுத்திவிடக் கூடாது. இரு கண்ணும் சேர்ந்து ஆழம் பார்க்கிறதா என்று அறிய ஓர் ஈப் படம் காட்டுவார்கள். போலராய்டு கண்ணாடி வழியே பார்த்து, இறக்கையைத் தாளுக்கு மேலே காற்றில் கிள்ளப் போனாள் என்றால் நல்லதுதான். ஆனால் அது ரொம்பத் தோராயமான சோதனை. அதே சோதனையில் வரும் வட்டங்களில் முதல் சிலதை ஒற்றைக் கண்ணாலேயே ஊகித்துவிடலாம். புள்ளிக் கூட்டத்துக்குள் ஒளிந்த உருவத்தைக் கண்டுபிடிக்கிறாளா என்று பார்க்கச் சொல்.

சரியான பிறகும் பேட்ச் நிறுத்திய முதல் வருஷத்தில் நான்கில் ஒருவருக்குப் பார்வை மறுபடி குறையும். கண்ணாடி தொடரட்டும், செக்கப்பும் தொடரட்டும். அடுத்த சீட்டு அனுப்பும்போது வரிசையில் படித்தாளா, தனி எழுத்தா என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
பாலு