சார்ஜில் போடாதே, செல்வி

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். போனில் பேசலாம் என்றால் நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை பார்க்கிறாய். அதனால் இதை உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன்.

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். முதல் வேலையாக, அந்த லேப்டாப்பை இனி சார்ஜில் போடாதே. இரண்டாவது படத்தில் டச்பேட் ஓர் அரிசி கனத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. டச்பேடில் ஒரு கோளாறும் இல்லை, அடியில் பேட்டரி உப்பியிருக்கிறது. லித்தியம் பேட்டரி பழசானாலும் அடிபட்டாலும் உள்ளே வாயு சேரும். அதைக் குத்தினாலோ நெளித்தாலோ சார்ஜ் ஏற்றினாலோ தீப்பிடிக்கக்கூடும். மெத்தை மேல் வைக்காதே. பாப்பா தூங்கும் அறையில் வைக்கவே வைக்காதே. பேட்டரியைக் கழற்றிய பிறகு குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது, மின்கழிவு வாங்குபவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

ரிப்பேர் செய்வதா, புதிது வாங்குவதா என்று கேட்டிருந்தாய். கடைக்கு வருபவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு உனக்குத் தெரியும். ரிப்பேர்ச் செலவு புதுப் பொருளின் விலையில் பாதியைத் தொட்டால் விட்டுவிடு, தொடாவிட்டால் சரிசெய். மதுரையில் விசாரித்தேன். ஸ்கிரீன் 5,500, பேட்டரி 3,000, கீல் 2,000, கூலி 1,000. மொத்தம் 11,500 ரூபாய். அதே தரத்தில் புதிது 45,000க்குக் குறையாது. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது என்று பலர் நல்ல மெஷினையே ஓரங்கட்டுகிறார்கள். உன்னுடையது எட்டாம் தலைமுறை பிராசசர், 11ஐ ஏற்கும். ஆகவே கணக்குப்படி ரிப்பேர்தான். மதர்போர்டில் விரிசல் இல்லாமல் இருந்தால்.

அதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பின்மூடியைத் திறந்து பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிட்டு, சார்ஜர் மின்சாரத்தில் மட்டும் ஓட்டி, டி.வி.யில் ஹெச்டிஎம்ஐ கேபிளைச் சொருகிப் பார்க்க வேண்டும். டி.வி.யில் படம் வந்தால் போர்டு பிழைத்தது. நீயே செய்வாய். ஒன்பது வயதில் சால்டரிங் அயர்ன் பிடித்த கை உன்னுடையது. பிளஸ் டூவில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியை வாங்கி வந்த அன்றே ஸ்குரூவைக் கழற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குக் காட்டிக் கொடுத்தவள் நீ. அதுவரை நான் பிக்சர் டியூபைத் தாண்டி எதையும் தொட்டதில்லை. கடையில் இன்று லேப்டாப் வேலை நடக்கிறது என்றால் உன்னால்தான். அப்படிப்பட்டவள், டச்பேட் தூக்கி நிற்பதைப் பார்க்காமல் ஐந்து வாரம் இருந்தாய் என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. இந்த ஐந்து வாரத்தில் ஒரு நாள்கூட நீ வீடியோவில் முகம் காட்டவில்லை. லேப்டாப் போனாலும் போனில் கேமரா இருக்கிறதே அம்மா.

நாம் இருவரும் உட்கார்ந்து போட்ட, தகவல் சேமிக்கும் எஸ்எஸ்டியை முதலில் கழற்றி எடு. அதை உன் கைப்பையில் வை, வீட்டில் வைக்காதே. உன் சான்றிதழ்கள், பேங்க் காகிதங்கள், பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதில்தானே இருக்கின்றன?

மேஜையிலிருந்து கை தவறி விழுந்துவிட்டது என்றாய். நாற்பது வருடமாக விழுந்த பொருளைப் பார்த்து வருகிறேன். மேஜையிலிருந்து விழுந்தால் ஒரு மூலை நசுங்கும், கீல் பக்கம் பிளக்கும். இதில் மூடியின் முதுகே உள்வாங்கியிருக்கிறது. மூலையில் வெளிர்நீலப் பொடி ஒட்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் தரை வெள்ளை டைல்ஸ். கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் சுவருக்கு அந்த நீலத்தைக் கடையில் தேர்ந்தெடுத்ததே நான்தான்.

அந்தப் படத்தை அம்மாவும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று ராத்திரி அவளும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

உனக்கு நாலு வயது அப்போது. அம்மாவுக்கு அவள் அண்ணன் வாங்கிக்கொடுத்த, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் ஒன்று இருந்தது. சமைக்கும்போது மதுரை வானொலி வைத்திருப்பாள். கடை வாடகை மூன்று மாதம் நின்றுபோன நேரம். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாள். நான் அதைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். நீ கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாய். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து கேட்டபோது அம்மா சொன்னாள்: "கை தவறி விழுந்துவிட்டது." உன்னையும் அப்படியே சொல்லச் சொன்னோம். நீயும் தெருவெல்லாம் சொன்னாய்.

மறுநாளே அதைச் சரிசெய்தேன். அரால்டைட் போட்டு கேபினட்டை ஒட்டினேன், டயல் நூலை மாற்றினேன், பெல்ட் மாற்றினேன். அதற்குப் பிறகு பத்து வருடம் பாடியது. என் கைவேலையைப் பார்த்து எல்லோரும் மெச்சினார்கள். ஆனால் அந்தப் பத்து வருடத்தில் அம்மா ஒரு நாளும் அதைத் தன் கையால் போட்டதில்லை. நான் போட்டுவிட்டு வந்தால் கேட்பாள். நான் வெளியே போனால் நிறுத்திவிடுவாள். இதை நான் கவனித்தேன் செல்வி. கவனித்தும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. போன செவ்வாய்க்கிழமைதான் கேட்டேன்.

போனில் நீ அதே மூன்று வார்த்தையைச் சொன்னதும் என் கை நடுங்கிவிட்டது. அதை உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். அதனால் மாப்பிள்ளையைப் பற்றி உன்னிடம் எதுவும் கேட்க வாய் வரவில்லை. கோமதி அத்தை விஷயத்தில் தாத்தா கேட்காமல் இருந்ததையும் நினைத்துக்கொள்கிறேன்.

நீ அங்கே ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டாம். புதிதும் வாங்க வேண்டாம். உப்பிய பேட்டரியை பஸ்ஸில் கொண்டுவராதே, அதை அங்கேயே கழற்றிக் கொடுத்துவிடு. மற்றதை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நீயும் பாப்பாவும் வாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு கிளாம்பாக்கத்தில் ஏறினால் விடியற்காலையில் அருப்புக்கோட்டை. நான் பஸ் நிலையத்தில் நிற்பேன். வேறு ராத்திரி என்றாலும் சரி, போன்கூடச் செய்ய வேண்டாம், வந்துவிடு.

அதுவரை சார்ஜில் போடாதே.

மாடி அறையில் கிடந்த பழைய டி.வி. பெட்டிகளையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டேன். ஜன்னல் கொக்கி மாற்றியாயிற்று. ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்பாயே, கெப்பாசிட்டர் மாற்றினேன். இப்போது நன்றாகக் காற்று வருகிறது.

அன்புடன்,
அப்பா