தம்பிக்கு, ஒற்றுப் பிழை பற்றி

அன்புள்ள தம்பி,

அப்பா நன்றாக இருக்கிறார். நடைப்பயிற்சியைத்தான் குறைத்துவிட்டார். எனக்குக் கண் ஆபரேஷனுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. மற்றதெல்லாம் சின்னவள் சொல்லியிருப்பாள். நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்கு.

என் பிறந்தநாளன்று நம் வீட்டு வாட்ஸ்ஆப் குழுவில் உன் மனைவி எழுதியிருந்தாள்: “அத்தை, உங்களுக்கு பிறந்தநாள் வாழ்த்துக்கள். உடம்பை பார்த்து கொள்ளுங்கள்.” அடுத்த நிமிஷமே நீ அதன் கீழே போட்டாய்: “உங்களுக்குப். வாழ்த்துகள். உடம்பைப். பார்த்துக்கொள்ளுங்கள்.” சித்தப்பா சிரிப்புப் பொம்மை போட்டார். அவள் ஒரு கட்டைவிரலைப் போட்டாள். அன்றிலிருந்து அவளிடமிருந்து பூவும் கைகூப்பும்தான் வருகின்றன. எழுத்து வரவில்லை.

உன் கண்ணுக்கு ஒரு ஒற்றும் தப்பாது என்பதில் எனக்குப் பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அச்சுக்கு முன் பார்க்கிற மெய்ப்பு என்பது திருத்துவதற்கென்றே ஒருவர் நம் கையில் கொடுப்பது. அதில் ஓரம் விட்டிருப்பார்கள். வாழ்த்தில் ஏது ஓரம்?

முதலில் பார்க்க வேண்டியது, கேட்டார்களா என்பது. கேட்கவில்லை என்றால், அந்தப் பிழையால் யாருக்காவது நஷ்டமா, மாற்ற இன்னும் வழி இருக்கிறதா, இந்த இரண்டையும் பார். இரண்டுக்கும் ஆம் என்றால் தயங்காமல் சொல். அச்சுக்குப் போகாத பத்திரிகை, வேலைக்கான விண்ணப்பம், பெயர்ப்பலகை, மருந்துச் சீட்டில் அளவு, இதிலெல்லாம் மரியாதை பார்த்து வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் தப்பு. பதாகைக்கு “ஆழ்ந்த இறங்கல்” என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களா, அச்சகத்துக்குப் போவதற்குள் போனில் கூப்பிட்டு “இரங்கலுக்குச் சின்ன ர” என்று சொல்லிவிடு. அதையே ஒருவர் துக்கத்தில் கைப்பேசியில் தட்டி அனுப்பியிருந்தால், படித்துவிட்டு ஆறுதலாக நாலு வார்த்தை எழுது. அங்கே அந்த றகரம் யாரையும் ஒன்றும் செய்துவிடாது.

ஒற்று இல்லையென்றால் பொருளே மாறிவிடும் என்பாய். மாறும்தான். ‘தந்த பலகை’ ஒருவர் கொடுத்தது, ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தில் செய்தது. ‘வேலை கொடுத்தான்’ என்றால் உத்தியோகம், ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் முருகன் கையில் இருப்பது. அப்படிக் குழம்புகிற இடத்தில் சொல்லத்தான் வேண்டும். ‘உடம்பை பார்த்து கொள்ளுங்கள்’ என்றதில் என்ன குழப்பம்? அவள் சொன்னது எனக்குப் புரிந்தது, சித்தப்பாவுக்கும் புரிந்தது.

சொல்லியே தீர வேண்டுமென்றால் தனியாகச் சொல். வாட்ஸ்ஆப்பில் அனுப்பியதை அனுப்பியவரே 15 நிமிஷத்துக்குள் திருத்திக்கொள்ளலாம். அதற்குள் தனிச்செய்தியில் ஒரு வரி போனால் அவர் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்வார், யாருக்கும் தெரியாது. அந்தக் கால் மணி நேரம் தாண்டிவிட்டால், ஒன்று பிழையோடு கிடக்க வேண்டும், அல்லது அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும். அந்தச் சங்கடத்துக்கு யாரையும் ஆளாக்காதே, விட்டுவிடு. எழுதியவர் சொன்ன விஷயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு, பிறகு திருத்தத்துக்கு வா. அதிலும் சொல்லை மட்டும் சொல், விதியைச் சொல்லாதே. “‘பொறுத்தவரை’ என்று வரும் போலிருக்கிறதே, ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்” என்றால் போதும். ஏன் என்று கேட்டால் அப்போது விதியை எடு. எத்தனை பிழை என்று எண்ணிச் சொல்வது, சரியான சொல்லை மட்டும் தனியாக எடுத்துப் போட்டு முற்றுப்புள்ளி வைப்பது, இரண்டும் கூடாது. அது வாத்தியார் விடைத்தாளில் செய்கிற வேலை.

பக்கத்திலேயே இருப்பவளுக்குத் தனிச்செய்திகூட வேண்டியதில்லை, திரும்பி ஒரு வார்த்தை சொன்னால் ஆயிற்று. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நீ வீட்டில்தானே இருந்தாய்? ஒரே வீட்டில் இருந்துகொண்டு குழு வழியாகவா பேசிக்கொள்கிறார்கள் என்று அப்பா கேட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நீ திருத்தியதில் ‘வாழ்த்துகள்’ இருக்கிறதே, அது தீர்ந்த வழக்கும் இல்லை. ‘கள்’ சேரும்போது அங்கே வல்லினம் மிகுமா மிகாதா என்று படித்தவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. நானும் ‘வாழ்த்துகள்’ என்றுதான் போடுவேன். அது நான் கைக்கொண்ட நடை, அவ்வளவுதான். பிறர் எழுதியதில் கைவைக்கும் முன் இது பிழையா, வேறு வழக்கா என்று பார்க்க வேண்டும். கறுப்பும் உண்டு, கருப்பும் உண்டு. பவளம், பவழம் இரண்டும் சரி. இலங்கைத் தமிழர் ‘ரொறன்ரோ’ என்று எழுதினால் அது அவர்கள் மரபு, அதை ‘டொராண்டோ’ ஆக்க நாம் யார்? 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் எழுதப் பழகியவர்கள் இன்றும் கையால் எழுதும்போது கொம்பு வைத்த பழைய லை, னை போடுவார்கள், அதுவும் பிழையில்லை. ஒருவருடைய பெயரை அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படித்தான் எழுத வேண்டும், இலக்கணம் அங்கே செல்லாது.

பாதிப் பிழை இப்போதெல்லாம் ஆள் செய்வதே இல்லை. ஆங்கில எழுத்தில் தட்டினால் ஒரே ‘என்’னுக்கு ந, ன, ண மூன்றும் வந்து நிற்கும், அவசரத்தில் விரல் முதலாவதைத் தொட்டுவிடும். குரலில் சொன்னால் எந்த ர, எந்த ல என்று கைப்பேசியே முடிவு செய்துகொள்ளும், ஒற்றையும் பல இடத்தில் விழுங்கிவிடும். அதை வைத்து ஆளை எடை போடாதே.

அரைகுறையாகத் தெரிந்துகொண்டு திருத்துவது இன்னும் மோசம். ‘இயக்குநர்’ என்பதற்கு ‘நர்’ வரும் என்று கற்றுக்கொண்டவர் ‘உறுப்பினர்’ஐயும் ‘உறுப்புநர்’ ஆக்கிவிடுவார். அது உறுப்பு, இனர் சேர்ந்தது, நகரத்துக்கு அங்கே வேலையே இல்லை. நீ அப்படிப்பட்டவன் இல்லை, தெரியும். இருந்தாலும் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இணையத்திலேயே இருக்கிறது. சந்தேகம் வந்தால் அதைப் பார்த்த பிறகு வாயைத் திற.

அவள் பள்ளியில் தமிழ் படித்தவள் இல்லை. நம் வீட்டுக்கு வந்த பிறகு தானாகக் கற்றுக்கொண்டு எனக்குத் தமிழில் எழுத ஆரம்பித்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகச் செய்தது. அப்படிக் கற்கிறவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு வகைப் பிழைதான் சொல்ல வேண்டும். ‘உடம்பை’, ‘உங்களுக்கு’ போல ‘ஐ’, ‘கு’ என்ற வேற்றுமை உருபு சேர்ந்த சொல்லுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று, அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்னும் ஒற்று. நீண்ட நாளைக்கு இது போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் என்ன ஆகும் தெரியுமா? பயந்துபோய்க் கண்ட இடத்திலெல்லாம் ஒற்றுப் போடுவார்கள். ‘அந்தப் பையன்’ சரியென்றால் ‘வந்தப் பையன்’ஏன் தப்பு? கற்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி. வந்த என்பது பெயரெச்சம், அங்கே மிகாது என்று பிறகு ஒரு நாள் சொல்லிக்கொள்ளலாம். அதுவும் அவளாகக் கேட்டால்.

கேட்காமலே சொல்லித்தர ஒரு வழி உண்டு. நான் அவளுக்கு எழுதிய பதிலைத் திரும்பப் பார்: “உடம்பைப் பார்த்துக்கொள்கிறேன் அம்மா. நீயும் பார்த்துக்கொள்.” அவள் விட்ட ஒற்று அதிலேயே இருந்தது. கவனிக்கிறவர்கள் கவனித்துக்கொள்வார்கள், கவனிக்காவிட்டாலும் நஷ்டமில்லை.

நன்னூலில் வழுவமைதி படித்தவன்தானே நீ? மகிழ்ச்சியில், உயர்வு தோன்ற, சிறப்பில், கோபத்தில், இழிவில் திணையும் பாலும் மாறினாலும் ஏற்கலாம் என்று இலக்கணமே இடம் கொடுத்திருக்கிறது. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பவனை யாரும் திருத்துவதில்லை. அது எழுத்துப் பிழைக்குச் சொன்னதில்லை என்று உடனே எடுத்துச் சொல்வாய். சொல், அதுவும் சரிதான். எதற்கும் உன்னிடம் ஒரு சரி இருக்கும்.

இப்போது போய்க் குழுவில் மன்னிப்புக் கேட்டு வைக்காதே, எல்லோரும் மேலே தள்ளிப் பழையதைத் தேடிப் படிப்பார்கள். விளையாட்டுக்குச் சொன்னேன் என்றும் ஆரம்பிக்காதே, அவள் கோபம்தான் தப்பு என்று ஆகிவிடும். எல்லோர் முன்னாலும் போட்டிருக்கக் கூடாது என்று அவளிடம் நேரில் சொல். தனியாகச் சொல். அதோடு நிறுத்திக்கொள், “ஆனால் ஒற்று...” என்று தொடராதே.

அடுத்த வாரம் சித்தப்பா மகள் கல்யாணப் பத்திரிகை மெய்ப்பு வருகிறது. எனக்கு இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு முடியாது, உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதைத் தனியாகப் பார்க்காதே. அச்சகங்களில் செய்வதுபோல் ஒருவர் எழுதிக் கொடுத்த தாளை வாசிக்க வேண்டும், ஒருவர் மெய்ப்பைப் பார்க்க வேண்டும். அவள் வாசிக்கட்டும், நீ பார். பெயர்களை எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல், ஒற்று வரும் இடத்தில் ‘ப் உண்டு’, ‘க் உண்டு’ என்று சொல்லியே வாசிக்க வேண்டும். போன் எண் இலக்கம் இலக்கமாக. தேதிக்கும் கிழமைக்கும் பொருந்துகிறதா என்று காலண்டரை வைத்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பதைக் கடைசியில் இன்னொரு தரம் பாருங்கள், கண் எப்போதும் அதைத்தான் தாண்டிப் போகும். நிதானமாகச் செய்தால் ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். பார்த்து முடித்ததும் திருத்தங்களை அவளே எனக்கு எழுதி அனுப்பட்டும், நீ அதைப் படித்துப் பார்க்க வேண்டாம்.

அன்புடன்,
அம்மா